வாப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெரியவர்கள் சொல்கிற பொய்களில் மிகவும் பழையது இதுதான்: "வாப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்." கடன்காரருக்குப் பயந்து ஒளிந்தவர், ஆஸ்பத்திரியில் கிடப்பவர், மறியலில் இருப்பவர், இனித் திரும்பியே வராதவர் என்று எல்லாருக்கும் இந்த ஒரு வசனம் போதும். பிள்ளையும் நம்பிவிடும். அல்லது நம்பியது போல இருந்துவிடும்.

இதே வசனத்தைப் பெயராக வைத்து 1985ஆம் ஆண்டு யூகோஸ்லாவியாவிலிருந்து ஒரு படம் வந்தது. 'வாப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தபோது' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வாப்பா என்று நாங்கள் எழுதுவது சும்மா இல்லை. அது சரயேவோ நகரத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கதை. வாப்பாவின் பெயர் மேஷா. மெஹ்மத் என்ற பெயரை அங்கே செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். உம்மாவின் பெயர் ஸேனா. மூத்த மகன் மீர்ஸா, இளையவன் மாலிக். ஆறு வயது மாலிக்தான் நமக்குக் கதை சொல்கிறான்.

படம் நெடுகச் சிரிப்பு வருகிறது. படம் முடிந்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு, கொம்யூனிஸ ஆட்சியில் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிக் கிடந்தது என்பதைப் பாடப் புத்தகத்தை விட இந்தப் படம் தெளிவாகச் சொல்கிறது. ஆகையால் படத்தையும் அதற்குப் பின்னால் இருக்கிற வரலாற்றையும் சேர்த்தே எழுதுகிறோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் வரலாறு.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகளை எதிர்த்துக் காடு மலைகளில் நின்று சண்டை பிடித்து, 1945இல் ஆட்சிக்கு வந்தவர் மார்ஷல் டிட்டோ. எங்கள் நாட்டவருக்கும் அவர் அந்நியர் அல்ல. 1961இல் பெல்கிரேடில் நடந்த முதலாவது அணிசேரா நாடுகளின் மாநாட்டுக்கு எங்கள் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையார் போனார். 1976 ஆகஸ்டில் ஐந்தாவது மாநாடு கொழும்பில் நடந்தபோது டிட்டோ இங்கே வந்தார். எங்களுக்குத் தெரிந்த டிட்டோ, எந்த வல்லரசுக்கும் தலை குனியாத டிட்டோ.

அந்தத் தலை நிமிர்வுக்கு வீட்டுக்குள்ளே என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதுதான் இந்தப் படம்.

போர் முடிந்த புதிதில் யூகோஸ்லாவியாவில் டிட்டோவின் படம் தொங்கிய சுவரிலெல்லாம் பக்கத்தில் ஸ்டாலினின் படமும் தொங்கியது. கட்சிக்காரர்களுக்கு மொஸ்கோதான் கிப்லா மாதிரி. 1948 ஜூன் 28ஆம் திகதி, ஸ்டாலினின் சொல் கேட்டு நடந்த கொம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு ஒரு தீர்மானம் வெளியிட்டது. டிட்டோவின் கட்சி வழி தவறிவிட்டது, அதைக் கூட்டமைப்பிலிருந்து விலக்குகிறோம் என்பது அதன் சாரம். டிட்டோ தன் இஷ்டத்துக்கு நாட்டை நடத்தியது ஸ்டாலினுக்குப் பிடிக்கவில்லை.

இப்போது கட்சியின் சாதாரண உறுப்பினர் ஒருவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். வருடக்கணக்காக அவர் 'ஸ்டாலின் வாழ்க, டிட்டோ வாழ்க' என்று ஒரே மூச்சில் கோஷம் போட்டவர். தீர்மானம் வந்து ஒரு மாதத்தின் பின் நடந்த கட்சி மாநாட்டில் டிட்டோவே தன் பேச்சை முடிக்கும்போது ஸ்டாலின் வாழ்க என்றுதான் முடித்தார். பிறகு காற்று மாறியது. நேற்று கட்டாயமாக இருந்த கோஷம் இன்று குற்றமானது. வேகமாகத் திரும்பத் தெரிந்தவர்கள் தப்பினார்கள். கொஞ்சம் தயங்கியவர்கள், ஒரு கேள்வி கேட்டவர்கள், மௌனமாக இருந்தவர்கள்கூட ஸ்டாலினின் ஆள் என்ற பட்டியலில் விழுந்தார்கள். அந்தப் பட்டியலை எழுதியது 'உட்பா' என்ற இரகசியப் பொலிஸ்.

பிடிபட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நீதிமன்றம் இல்லை, சட்டத்தரணி இல்லை. நிர்வாக உத்தரவு ஒன்று போதும். இரண்டு வருடம் வரை 'சமூகத்துக்குப் பயனுள்ள வேலை' என்று எழுதி அனுப்பிவிடலாம். முடிந்ததும் மறுபடியும் எழுதலாம். எட்ரியாட்டிக் கடலில் கோலி ஒட்டோக் என்று ஒரு தீவு. 'மொட்டைத் தீவு' என்று அர்த்தம். பெயருக்கு ஏற்றபடி மரமில்லை, நிழலில்லை, வெறும் கல். 1949இலிருந்து 1956 வரை சுமார் 13,000 அரசியல் கைதிகள் அந்தத் தீவின் வழியாகப் போனார்கள். கல் உடைப்பது, உடைத்த கல்லை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமப்பது, பிறகு அதையே திருப்பிச் சுமப்பது. இதுதான் பயனுள்ள வேலை.

இதிலும் மோசமான விஷயம் ஒன்று உண்டு. அங்கே அடிப்பதற்குக் காவலர்கள் தேவைப்படவில்லை. புதிதாகக் கப்பலில் வந்து இறங்குபவர்களைப் பழைய கைதிகள் இரண்டு வரிசையாக நின்று அடித்து உள்ளே அனுப்ப வேண்டும். மெதுவாக அடித்தவனுக்கு அடுத்த அடி. திருந்திவிட்டேன் என்று காட்ட ஒரே வழி, இன்னொருவனைக் காட்டிக்கொடுப்பது. விடுதலையாகும்போது அங்கே நடந்ததை வெளியில் பேச மாட்டேன் என்று கையொப்பமிட வேண்டும். வீட்டிலிருந்த மனைவிமாருக்குக் கணவரை விவாகரத்துச் செய்யும்படி நெருக்குதல். திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. டிட்டோ 1980இல் மறைந்த பிறகுதான் அந்தத் தீவைப் பற்றிய நாவல்கள் வெளிப்படையாக வர ஆரம்பித்தன.

படத்தின் கதையை எழுதியவர் அப்துல்லாஹ் ஸித்ரான் என்ற பொஸ்னியக் கவிஞர். அவருடைய வாப்பா அந்த மொட்டைத் தீவுக்குப் போய் வந்தவர். ஸித்ரான் 1944இல் பிறந்தவர். படம் 1950 ஜூனில் தொடங்குகிறது. மாலிக்கின் வயது, ஸித்ரானுக்கு அப்போது இருந்த வயதுதான்.

இனிப் படத்துக்கு வருவோம்.

மேஷா கட்சிக்காரர். பெண்கள் விஷயத்தில் நேர்மையில்லாதவர். அன்கிட்ஸா என்ற உடற்பயிற்சி ஆசிரியையோடு அவருக்குத் தொடர்பு. ஒரு நாள் இருவரும் ரயிலில் போகிறார்கள். மேஷாவின் கையில் பத்திரிகை. அதில் ஒரு கேலிச்சித்திரம்: கார்ல் மார்க்ஸ் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார், அவருடைய தலைக்கு மேலே சுவரில் ஸ்டாலினின் படம் தொங்குகிறது. ஸ்டாலினை நக்கலடிக்க அரசாங்கத் தரப்பு போட்ட சித்திரம் அது. மேஷா பார்த்துவிட்டு, இது கொஞ்சம் அதிகப்படிதான் என்கிற மாதிரி ஒரு சொல் சொல்கிறார். அவ்வளவுதான் அவர் செய்த அரசியல்.

மனைவியை விட்டுவிட்டு என்னை எப்போது கலியாணம் முடிப்பாய் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த அன்கிட்ஸா, அந்தச் சொல்லை இன்னொருவர் காதில் போடுகிறாள். அந்த இன்னொருவர் ஸியோ. ஸேனாவின் உடன்பிறந்த சகோதரர். அதாவது மேஷாவின் மச்சான், மாலிக்கின் மாமா. கட்சியில் பெரிய ஆள். மச்சானை உள்ளே அனுப்புவது மச்சான்தான்.

இந்த இடத்தில்தான் படம் சாதாரண அரசியல் படங்களிலிருந்து விலகிப் போகிறது. எங்கோ தலைநகரத்தில் இருக்கிற கொடுங்கோலன் ஒருவன் கதவை உடைத்து உள்ளே வரவில்லை. ஒரு காதல் கோபம், ஒரு பொறாமை, பதவியைக் காப்பாற்ற வேண்டிய ஒரு மச்சானின் பயம், இந்த மூன்றும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கின்றன. அந்தச் சிறிய மனக்கசப்புகளுக்குப் பல்லும் நகமும் கொடுத்ததுதான் அந்த ஆட்சி செய்த வேலை. வேறு காலமாக இருந்திருந்தால் இது குடும்பச் சண்டையாகி, நாலு பேர் பேசி, பெருநாளோடு தீர்ந்திருக்கும்.

மாலிக்குக்கும் மீர்ஸாவுக்கும் சுன்னத்து நடக்கிற காட்சி ஒன்று உண்டு. பகலில் கட்சிக் கூட்டத்தில் மதம் அபின் என்று கேட்டுவிட்டு வருகிற வாப்பா, வீட்டில் பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைக்கிறார். விருந்து நடக்கிறது. ஸியோ மாமாவும் வருகிறார். பயந்து முழிக்கிற பிள்ளைகளைப் பார்த்து நாங்கள் சிரிக்கிறோம். எங்கள் ஊர்ச் சுன்னத்துக் கலியாண வீடு மாதிரியே இருக்கிறது. அந்த மகிழ்ச்சியை ஒட்டித்தான் வாப்பா வீட்டை விட்டுப் போகிறார். பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது அந்த ஒற்றை வசனம். வாப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருக்கிறார்.

மேஷா அனுப்பப்படுவது மொட்டைத் தீவுக்கு அல்ல. லிப்னிட்ஸா என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்க வேலைக்கு. பிறகு ட்ரினா ஆற்றங்கரையில் இருக்கிற ஸ்வோர்னிக் என்ற ஊருக்கு. அங்கே நீர்மின் அணைக்கட்டு கட்டப்படுகிறது. குடும்பமும் அங்கே போய்ச் சேர்கிறது. தீவைப் படம் காட்டவே இல்லை. கதை சொல்கிறவன் மாலிக், மாலிக் அந்தத் தீவைப் பார்த்திருக்க முடியாது. அவனுக்குத் தெரிந்தது வீடு, தெரு, பந்து, உம்மாவின் முகம். பெரியவர்களின் உலகம் அவன் காதில் பாதியாகத்தான் விழுகிறது. அவன் விளங்கிக்கொண்டதற்கும் உண்மையில் நடப்பதற்கும் நடுவிலிருக்கிற இடைவெளியில்தான் படத்தின் நகைச்சுவை எல்லாம் இருக்கிறது.

அந்த நகைச்சுவையில் சிலதை வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படம் தொடங்கும்போதே ஒருவர் கிட்டார் வைத்துக்கொண்டு மெக்சிகோப் பாட்டுப் படிக்கிறார். பொஸ்னியாவின் வயல்வெளியில் என்ன மெக்சிகோப் பாட்டு? இது கற்பனை அல்ல. ரஷ்யாவோடு முறிந்த பிறகு ரஷ்யப் படங்களையும் பாட்டுகளையும் தூக்கி வைத்தார்கள். அமெரிக்கப் பாட்டு என்றாலும் சந்தேகம். நடுவில் ஆபத்தில்லாமல் கிடைத்தது மெக்சிகோ. 1950களின் தொடக்கத்தில் ஒரு மெக்சிகோப் படம் அந்த நாட்டில் சக்கைபோடு போட்டது. ஜனங்கள் தியேட்டரில் அழுதார்கள். அதன்பிறகு பெரிய தொப்பி போட்டுக்கொண்டு மெக்சிகோப் பாட்டை உள்ளூர் மொழியில் பாடுகிற குழுக்கள் யூகோஸ்லாவியா முழுக்க முளைத்தன. வாயைத் திறந்து பாடுவதற்குக்கூட எந்த நாட்டுப் பாட்டு பாதுகாப்பானது என்று யோசிக்க வேண்டிய காலம் அது.

இன்னொன்று, டிட்டோவின் பிறந்த நாள் அஞ்சலோட்டம். வருடா வருடம் மே மாதத்தில் ஊர் ஊராகப் பிள்ளைகள் ஒரு தடியைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடுவார்கள். அதற்குள்ளே தலைவருக்கான வாழ்த்து இருக்கும். தலைவர் இறந்த பிறகும் சில வருடங்கள் இந்த ஓட்டம் ஓடியது என்பது தனிச் சிரிப்பு. ஸ்வோர்னிக் ஊரில் வாழ்த்துச் சொல்ல மாலிக்கைத் தெரிவு செய்கிறார்கள். மேடையில் பிள்ளைக்கு வசனம் தடுமாறுகிறது. எங்கள் பாடசாலை விழாக்களில் எத்தனை பிள்ளைகள் மேடையில் தடுமாறுகிறார்கள்! நாங்கள் கை தட்டி உற்சாகப்படுத்துவோம். அங்கே தாய்க்கும் தகப்பனுக்கும் உயிர் போய் வருகிறது. ஒரு சொல்லினால் ஏற்கனவே குடும்பம் தெருவுக்கு வந்திருக்கிறது. இப்போது பிள்ளையின் வாயிலிருந்து இன்னொரு சொல்.

மாலிக்குக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி. இரவில் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு தெருவில், பாலத்தில் நடப்பான். ஊரே விழித்துக்கொண்டு வாய் மூடிக் கிடக்கும்போது, அந்த ஒரு பிள்ளை மட்டும் தூக்கத்தில் சுதந்திரமாக நடக்கிறது.

ஸேனாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் முதுகெலும்பு அவள்தான். புருஷன் எங்கே என்று தெரியாமல் சொந்தச் சகோதரனிடம் போய்க் கேட்கிறாள். சகோதரன் கையை விரிக்கிறான். தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பிள்ளைகளை வளர்க்கிறாள். கைதியின் மனைவி என்பதால் சனம் விலகிப் போகிறது. புருஷன் தனக்குத் துரோகம் செய்தவன் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அன்கிட்ஸா படிப்பிக்கிற பாடசாலைக்கே போய் அவளோடு சண்டை பிடிக்கிறாள். எல்லாம் தெரிந்தும் சின்னவனைக் கூட்டிக்கொண்டு புருஷனைப் பார்க்கச் சுரங்க ஊருக்கு ரயில் ஏறுகிறாள். வரலாற்றுப் புத்தகங்களில் தலைவர்களின் பெயர் இருக்கும், கைதிகளின் எண்ணிக்கை இருக்கும். அந்த வீடுகளில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு ஒரு வரியும் இருக்காது.

அந்தக் காலத்துப் பொஸ்னிய முஸ்லிம்களின் நிலையையும் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. 1946இல் ஷரீஅத் நீதிமன்றங்கள் மூடப்பட்டன. 1950இல், படக் கதை தொடங்குகிற அதே வருடம், பெண்கள் முகத்திரை அணிவதைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1952இல், கதை முடிகிற வருடம், பிள்ளைகள் குர்ஆன் ஓதுகிற மக்தப்கள் மூடப்பட்டன. வக்பு சொத்துகளில் பெரும்பகுதி அரசுக்குப் போனது. 1948 குடிசன மதிப்பில் முஸ்லிம் என்று தனி இனமாகப் பதிய இடமில்லை. சேர்பிய முஸ்லிம், குரோஷிய முஸ்லிம், அல்லது எதுவும் தீர்மானிக்காத முஸ்லிம் என்றுதான் எழுதலாம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் வரலாற்று ஆசிரியருக்கு அழகில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிராமங்களுக்குப் பாடசாலைகள் வந்தன. முஸ்லிம் பெண்பிள்ளைகள் பெருமளவில் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். 1971 குடிசன மதிப்பில் முஸ்லிம்கள் தனி இனமாக எண்ணப்பட்டார்கள். ஒரே மாடியில் முஸ்லிமும் சேர்பியரும் குரோஷியரும் யூதரும் குடியிருந்து கோப்பி குடித்த சரயேவோவைப் பழையவர்கள் இன்றும் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அந்த ஏக்கமும் உண்மை, மொட்டைத் தீவும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது.

இனி படத்தின் கடைசிப் பகுதி. 1952 ஜூலை 22. ஸேனாவின் இளைய சகோதரனின் கலியாண வீடு. மேஷா விடுதலையாகி வந்திருக்கிறார். ஸியோவும் அங்கே இருக்கிறார். அன்கிட்ஸாவும் அங்கே இருக்கிறாள், இப்போது ஸியோவின் மனைவியாக. காட்டிக்கொடுத்தவர்களும் காட்டிக்கொடுக்கப்பட்டவரும் ஒரே பந்தலின் கீழ். வானொலியில் உதைபந்தாட்ட வர்ணனை ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆட்டமும் வரலாறுதான். பின்லாந்து ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவும் சோவியத் யூனியனும் மோதுகின்றன. ஜூலை 20ஆம் திகதி நடந்த முதல் ஆட்டத்தில் யூகோஸ்லாவியா 5-1 என்று முன்னுக்கு நின்றது. சோவியத் அணி விடாமல் அடித்து 5-5 என்று சமப்படுத்தியது. இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். அதில் யூகோஸ்லாவியா 3-1 என்று வென்றது. ஸ்டாலினுக்கு வந்த கோபத்தில், அந்த அணிக்கு அதிக வீரர்களைக் கொடுத்திருந்த இராணுவக் கழக அணியையே கலைத்துவிட்டார்கள். யூகோஸ்லாவியா முழுக்கக் கொண்டாட்டம். ஸ்டாலினை வென்றாயிற்று.

படம் அந்த வெற்றியை எதற்குப் பக்கத்தில் வைக்கிறது என்று பாருங்கள். வானொலி வெற்றியைக் கத்திச் சொல்கிற அந்த வேளையில், மேஷா அன்கிட்ஸாவைத் தனியாகக் கொண்டுபோய் மிகவும் கேவலமான முறையில் பழி தீர்க்கிறார். அதை மாலிக் ஜன்னல் வழியாகப் பார்த்துவிடுகிறான். அவள் தன் உயிரை மாய்க்கப் பார்க்கிறாள், அதுவும் நடக்கவில்லை. ஸேனாவின் வயதான வாப்பா, இந்த அரசியலும் இந்தக் குடும்பமும் போதும் என்று முதியோர் இல்லத்துக்குப் புறப்படுகிறார். நாடு வென்ற நாளில் அந்த வீட்டில் வென்றவர் ஒருவருமில்லை.

அநியாயத்துக்கு ஆளானவர் என்பதற்காக மேஷாவைப் படம் நல்லவராக்கவில்லை. எங்களை மிகவும் யோசிக்க வைத்த இடம் இதுதான். அநியாயம் செய்யப்பட்டவன் தானாகவே நீதிமானாகிவிடுவான் என்று ஒரு நினைப்பு எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. தீவிலே பழைய கைதி புதிய கைதியை அடித்த கதையை மேலே சொன்னோம். அதே அடிதான் இங்கே கலியாண வீடு வரைக்கும் வந்திருக்கிறது. மேஷாவுக்கு ஸியோவைத் தொட முடியவில்லை, ஆட்சியைத் தொட முடியவில்லை. கைக்கு எட்டியது பலவீனமான ஒரு பெண். அந்தப் பாரம் இனி மாலிக்கின் தலையில். வாப்பா இல்லாத காலத்தில் அவனுக்குச் சொல்லப்பட்ட பொய்யை விட, வாப்பா வந்த பிறகு அவன் கண்ணால் கண்ட உண்மை பாரமானது.

படத்தை எடுத்தவர் எமிர் குஸ்டுரிட்ஸா. சரயேவோவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 30. 1985 கான் திரைப்பட விழாவில் முதலிடமான தங்கப் பனையோலை விருது இதற்குக் கிடைத்தது. நடுவர் குழுத் தலைவராக இருந்தவர் மிலோஷ் ஃபோர்மன், கொம்யூனிஸ செக்கோஸ்லோவாக்கியாவை விட்டு வெளியேறிய இயக்குநர். இந்தக் குடும்பத்தின் மௌனம் என்ன மொழி பேசுகிறது என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது. அதே காலத்தில் அலியா இஸ்ஸத்பெகோவிச் சிறையில் இருந்தார். 1983இல் நடந்த வழக்கில் எழுத்துக்காகவும் கருத்துக்காகவும் அவருக்கு 14 வருடத் தண்டனை விதித்திருந்தார்கள். 1948இன் கைதிகளைப் பற்றிப் படம் எடுக்க அனுமதித்த அரசு, தன் காலத்துக் கைதிகளைப் பற்றிப் பேச அனுமதிக்கவில்லை.

படம் வந்து ஏழு வருடத்தில் அந்த நாடே இல்லாமல் போனது. மேஷாவின் குடும்பம் மறுவாழ்வு தேடிப் போன ஸ்வோர்னிக் நினைவிருக்கிறதா? 1992 ஏப்ரலில் அந்த ஊரின் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். அவர்கள்தான் அங்கே பெரும்பான்மை. பள்ளிவாசல்கள் தரைமட்டமாக்கப்பட்டன. அதே மாதம் சரயேவோ முற்றுகை தொடங்கி 1996 பெப்ரவரி வரை நீடித்தது.

படத்தில் கூடி வேலை செய்தவர்களும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். கதை எழுதிய ஸித்ரான் முற்றுகைக்குள் சரயேவோவிலேயே இருந்தார். இயக்கிய குஸ்டுரிட்ஸா பெல்கிரேடின் பக்கம் சாய்ந்தார். 2005இல் சேர்பிய ஓர்த்தடொக்ஸ் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். பிறந்த நகரத்தில் பலர் அவரை இன்றும் மன்னிக்கவில்லை. அன்கிட்ஸாவாக நடித்த மீரா ஃபுர்லான், பகைப் பிரசாரம் தாங்காமல் 1991இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். காட்டிக்கொடுத்த மாமாவாக நடித்த முஸ்தஃபா நடாரெவிச், முற்றுகைக்குப் பிறகு ஸித்ரானின் எழுத்தில் வந்த 'முழு வட்டம்' என்ற படத்தில், அநாதைப் பிள்ளைகள் இருவரைத் தன் வீட்டில் வைத்துக் காக்கிற சரயேவோக் கவிஞராக நடித்தார். ஸேனாவாக நடித்த மிர்யானா கரனோவிச் பெல்கிரேடைச் சேர்ந்த சேர்பியர். 2006இல் 'க்ர்பவிட்ஸா' என்ற படத்தில், போரில் சேர்பியப் படையினரால் சீரழிக்கப்பட்ட பொஸ்னிய முஸ்லிம் தாயாக நடித்தார். அந்தப் படத்திலும் ஒரு தாய் தன் பிள்ளையிடம் தகப்பனைப் பற்றிப் பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யை மறைக்க அவள் படுகிற பாடுதான் கதை. இருபது வருடம் கழித்தும் அதே நடிகை, அதே பொய்.

குஸ்டுரிட்ஸாவின் பிற்கால நிலைப்பாட்டுக்காக இந்தப் படத்தைப் பார்க்கக்கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் இதன் உயிர் ஸித்ரானின் வாப்பாவின் வாழ்க்கை. இயக்குநர் தன் பாதையை மாற்றிக்கொண்டதால் அந்த மனிதன் சுமந்த கல்லின் எடை குறையாது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: வயது வந்தவர்களுக்கான காட்சிகள் உண்டு. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் அல்ல.

எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்டாலின் டிட்டோ பிளவை நாலு வரியில் படிப்பித்து முடித்துவிடலாம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அந்த நாலு வரி ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறு வயதுப் பிள்ளையிடம் யார் என்ன சொன்னார்கள் என்ற கேள்விக்குப் புத்தகத்தில் இடமில்லை. அதை வீடுகளில்தான் கேட்க வேண்டும். ஸித்ரான் கேட்டார், எழுதினார், அதனால் இன்று நாங்கள் அதைப் பேசுகிறோம். கேட்கப்படாமல் மௌத்தாகிப்போன வாப்பாமார் மிச்ச ஆயிரக்கணக்கானோர்.

உங்கள் வீட்டிலும் சின்ன வயதில் உங்களுக்கு இப்படி ஏதாவது ஒரு வசனம் சொல்லப்பட்டிருக்கும். பெரியவர்கள் இன்னும் ஹயாத்தோடு இருந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேளுங்கள். குற்றம் பிடிக்கக் கேட்க வேண்டாம், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். சொல்ல விரும்பினால் எழுதி வையுங்கள். சொல்லாமல் தலையைத் திருப்பிக்கொண்டால், அதையும் திகதி போட்டு எழுதி வையுங்கள்.